அந்தக் கணக்கில் எழுதுவது யார்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். உயிரித் தொழில்நுட்பப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி அணியில் ஒருவனாக, ஐஜெம் என்னும் பன்னாட்டுச் செயற்கை உயிரியல் போட்டிக்கு உழைத்தேன். மூத்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போகும்போது அவர்கள் கற்றதும் அவர்களோடு போய்விடுவதைக் கண்டு, அறிவியல் போட்டிகளுக்குத் தயாராகும் பள்ளி, கல்லூரி அணிகளுக்காக, யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையதளமான ஒரு பொது விக்கியைத் தொடங்கினேன். பதினான்கு மாதங்களில் 186 பக்கங்கள் சேர்ந்துள்ளன. அவற்றில் 112 தமிழில். ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளி அணிகள் தமிழ்ப் பக்கங்களைத்தான் அதிகம் படிக்கின்றன. எனக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. நான் ஆங்கிலத்தில் எழுதுவதை, இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் தங்கை என் கணக்கிலேயே தமிழில் அடித்துத் தருகிறாள். 63 பேர் உறுப்பினராகியும் ஐந்து பேர்கூடத் தொகுப்பதில்லை. சந்தேகத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு, பதில் கிடைத்ததும் மறைந்துவிடுகிறார்கள். ஓர் அணி எங்கள் தமிழ்ப் பக்கம் ஒன்றை அப்படியே தன் போஸ்டரில் போட்டுக்கொண்டது; என் பெயர் இல்லை. பங்களிப்பவர்களுக்குச் சான்றிதழும் புள்ளிகளும் கொடுக்கலாமா? எழுதாதவர்களை நீக்கலாமா? அல்லது மூடிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: தம்பி, சான்றிதழ், புள்ளி, நீக்கம் ஆகியவற்றைப் பிறகு பார்க்கலாம். நான் நின்ற இடம் வேறு. தங்கை உங்கள் கணக்கிலேயே தமிழில் அடித்துத் தருகிறாள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே யாரும் தொகுப்பதில்லை என்று புலம்பியிருக்கிறீர்கள்.

இந்தக் கடிதம் எனக்குப் புதியதன்று. குடியிருப்போர் சங்கச் செயலாளரும், கோயில் அன்னதானக் குழுவை நடத்துபவரும், வாடகை வீட்டின் முன்னறையில் நூலகம் வைத்தவரும் எனக்கு இதையே எழுதியிருக்கிறார்கள்: எல்லாவற்றையும் நான் ஒருவனே இழுக்கிறேன், ஒருவரும் கை கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட கடிதங்களை நான் இரண்டாம் முறை படிப்பது வழக்கம். எங்கேயாவது ஒரு மூலையில் ரசீது எழுதும் மனைவியோ, நூறு பேருக்குக் காய் நறுக்கும் தாயோ இருப்பார். கடிதம் எழுதியவர் அவரை மட்டும் எண்ணிக்கையில் சேர்த்திருக்க மாட்டார்.

நீங்களும் சேர்க்கவில்லை. 186 பக்கங்களில் 112 தமிழில் இருக்கின்றன என்றும், அவைதான் அதிகம் படிக்கப்படுகின்றன என்றும், தமிழில் உங்களால் அடிக்க முடியாது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் விக்கியில் பாதிக்கும் மேல், அதுவும் மக்கள் தேடி வரும் பாதி, அந்தப் பெண்ணின் கையால் ஆனது. அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'அடித்துத் தருவது'. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் அடிக்க முடியாது, தம்பி. தமிழில் எழுதத்தான் முடியும். ஒரு கரைசலைப் பத்தில் ஒன்றாக, மீண்டும் பத்தில் ஒன்றாக நீர்த்துக்கொண்டே போகும் முறையை ஓசூர்ப் பள்ளி மாணவிக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால், அது ஏன் செய்யப்படுகிறது என்று முதலில் எழுதுபவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நொதி எது, திட்ட விலக்கம் எது, எந்தச் சொல்லைத் தமிழாக்கலாம், எதைப் பிளாஸ்மிட் என்று அப்படியே விட வேண்டும் என்பதை ஒவ்வொரு வரியிலும் அவள் தீர்மானித்திருக்கிறாள். கர்நாடகத்துப் பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டே இதையும் கற்றவளைத் தட்டச்சுக்காரி ஆக்கிவிட்டீர்கள்.

விக்கி எப்படி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். 1995-இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலுலு விமான நிலையத்துப் பேருந்தின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்; ஹவாய் மொழியில் அதற்கு விரைவு என்று பொருள். யார் வேண்டுமானாலும் விரைவாக எழுதலாம் என்னும் துணிச்சலுக்கு இன்றைய விக்கிகளில் காவலாக நிற்பது பக்க வரலாறு: எந்த மாற்றத்தை யார், எந்த நாளில், எந்த நேரத்தில் செய்தார் என்று அது காட்டிவிடும். உங்கள் விக்கியில் கிருஷ்ணகிரி மாணவன் ஒருவன் அந்த வரலாற்றைத் திறந்தால் என்ன பார்ப்பான்? மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். பொதுக்கிணறு என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் ஒரே வீட்டின் குடம் மட்டும் வரிசையாக இருந்தால், அடுத்த தெருக்காரர் தம் குடத்தை எடுத்துக்கொண்டு வர மாட்டார்.

நீங்கள் உழைத்த போட்டியாவது இதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2003 ஜனவரியில் ஒரு மாணவர் வகுப்பாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஐந்து அணிகளோடு போட்டியாக மாறிய ஐஜெம், ஒவ்வோர் அணியும் தன் விக்கியில் எந்த வேலையை யார் செய்தார், யார் உதவினார் என்று தனிப் பக்கம் எழுத வேண்டும் என்கிறது. குறித்த நேரத்தில் விக்கி உறைந்துவிடும். அதற்குப் பிறகு விட்டுப்போன பெயரைச் சேர்க்க முடியாது. அந்தப் பக்கத்துக்காக உங்கள் அணி இரவெல்லாம் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்த்திருக்கும். அதே கைகள் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டன.

போஸ்டரில் உங்கள் பெயர் இல்லை என்று கோபப்படுகிறீர்கள். அந்த அணி செய்தது தவறு. எழுதிக் கேளுங்கள், அடுத்த முறை போடட்டும். ஆனால் அவர்கள் எடுத்தது தமிழ்ப் பக்கம் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய தமிழ் அது? பெயர் போனவள் உங்கள் பக்கத்து அறையில் இருக்கிறாள், அவள் புகார் எதுவும் எழுதவில்லை.

வீட்டுக்குள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வேண்டும் என்று சொல்கிறவள் அல்ல நான். அண்ணனுக்குத் தங்கை தோசை வார்த்தால் அதற்குக் கணக்கு வேண்டாம். தங்கையை அண்ணன் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டால் அதற்கும் வேண்டாம். அப்படிக் கணக்குப் பார்க்கும் குடும்பங்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் வீட்டில் செய்த வேலை வாசலைத் தாண்டி, ஒரு பெயரைச் சுமந்துகொண்டு ஊருக்குள் போகும்போது, அது செய்தவரின் பெயராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது மூத்தவரின் கடமை. பாசம் இருக்கிறது, அவள் தவறாக நினைக்க மாட்டாள் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். தவறாக நினைக்காதவர்களிடம்தான் நாம் அதிகம் எடுத்துக்கொள்கிறோம்.

வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் வானத்தைப் பார்க்க, தங்கை கரோலின் குறிப்பெடுத்தார், கணக்கிட்டார். அந்த அண்ணன் தங்கைக்கென்று தனியாக ஒரு தொலைநோக்கி செய்து கொடுத்தார். அதன்வழியாக 1786-இல் அவர் தம் முதல் வால்வெள்ளியைக் கண்டார். மறு ஆண்டே அண்ணனின் உதவியாளராக அரசரிடம் ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியமும் பெற்றார். நீங்கள் செய்து கொடுக்க வேண்டியது தொலைநோக்கிகூட அல்ல. ஒரு பயனர் கணக்கு. இரண்டு நிமிட வேலை.

அதை இன்றிரவே செய்யுங்கள். பயனர் பெயரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். பழைய வரலாற்றில் தில்லுமுல்லு செய்யாமல், 112 பக்கங்களின் உரையாடல் பக்கத்திலும் தமிழ் யாருடையது என்று உங்கள் கையால் ஒரு வரி சேருங்கள். 112 முறை அது அலுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அவளுக்கு நிர்வாகி உரிமையும் கொடுங்கள். பிறகு, மார்ச்சில் பியூசி தேர்வு முடியும்வரை அவளிடம் ஒரு பக்கமும் கேட்காதீர்கள். தட்டச்சு வராது என்று இருபது வயதுப் பொறியியல் மாணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் குறில் நெடில்கள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கும். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் கை பழகிவிடும்.

இப்போது உங்கள் கேள்விகள். சான்றிதழ் கொடுத்தால் சான்றிதழுக்கு எழுதுவார்கள். எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய 63 பக்கங்களை நீங்கள் உட்கார்ந்து நீக்குவீர்கள். படிப்பவர்களை நீக்குவது அதைவிட மோசம், ஏனென்றால் இன்று படிப்பவர்தான் நாளை எழுத வேண்டியவர். மூடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அவர்கள் ஏன் எழுதவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: உங்கள் பக்கங்கள் முடிந்துபோனவையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பூசி வெள்ளையடித்த சுவரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். விக்கிப்பீடியாவுக்கு முன்னால் 2000-இல் நியூபீடியா என்று ஒன்று இருந்தது. வல்லுநர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பைக் கடந்தால்தான் கட்டுரை வெளியாகும். முதல் ஆண்டில் இருபதைச் சுற்றிய கட்டுரைகளே தேறின. 2001 ஜனவரியில் அரைகுறையாக எழுதலாம் என்று கதவைத் திறந்த விக்கிப்பீடியா அதை விழுங்கிவிட்டது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள்: பழகிப் பார்க்க மணல்தொட்டி, கூடிப் பேச ஆலமரத்தடி, முடியாத கட்டுரைக்குக் குறுங்கட்டுரை என்று ஒரு மரியாதையான பெயர். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. நீங்களும் பாதிப் பக்கங்களை விட்டுவையுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்பவருக்குப் பதில் சொன்ன பிறகு, அதை விக்கியில் சேர்க்கும்படி அவரையே கேளுங்கள். பிழையாக எழுதினாலும் உடனே திருத்தாமல் ஒரு வாரம் பொறுங்கள். போட்டி முடிந்த வாரத்தில் ஒவ்வோர் அணியிடமும், எந்தச் சோதனை ஏன் சொதப்பியது என்று ஒரு பத்தி வாங்குங்கள். வெற்றியை எழுதக் கூச்சப்படும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொதப்பலைச் சுவையாக எழுதுவார்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் உங்கள் பெயரையும், கல்லூரியின் பெயரையும், சென்ற ஆண்டு அணியில் இருந்த ஒன்பது பேரின் பெயர்களையும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி அவற்றையெல்லாம் நீக்கிவிட்டே அச்சுக்குக் கொடுத்தேன். தங்கையின் பெயரை நீக்கும் வேலை மட்டும் எனக்கு இருக்கவில்லை.