மாவட்ட நிர்வாகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப்போகிறோம். எங்கள் அறக்கட்டளை எதைக் கவனிக்க வேண்டும்?

வரைவு கைக்கு வந்துவிட்டது, கையெழுத்துக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் பக்கத்து நோக்கம், குறிக்கோள் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதை விடுங்கள். பணம் எப்போது, எதன் பேரில், எத்தனை தவணையாக வரும் என்ற பத்தியைத் தேடுங்கள். பல வரைவுகளில் "நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு விடுவிக்கப்படும்" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். சின்ன அமைப்புகளைச் சாய்ப்பது அந்த வரிதான்.

ஆண்டுக்கு 24 லட்சம், இரண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 2 லட்சம். வேலை ஏப்ரல் 1-ல் தொடங்கி, முதல் தவணை செப்டம்பரில் வந்தால், அதற்குள் சம்பளம், வாடகை, மளிகை என்று 10 லட்சம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். அந்த 12 லட்சம் பிப்ரவரியோடு தீர்ந்துவிட, மார்ச் செலவு 2 லட்சமும் உங்கள் கையிலிருந்தே போகும். இரண்டாம் தவணை மார்ச் கடைசி வாரத்தில் வந்து விழும். இங்கேதான் சிக்கல். உங்கள் கைக்காசை அறக்கட்டளையின் பொதுக் கணக்கிலிருந்து நேரடியாகச் சம்பளமாகக் கொடுத்திருந்தால், திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் 12 லட்சம் 'செலவாகாத இருப்பு' என்று நிற்கும். அடுத்த ஆண்டு மானியத்தில் அதைக் கழித்துக்கொள்வார்கள். செய்த செலவு செய்யாத செலவாகிவிடும்.

ஆகவே கைக்காசு போடும்போதெல்லாம் நிர்வாகக் குழுத் தீர்மானம் போட்டு, பொதுக் கணக்கிலிருந்து திட்டக் கணக்குக்குத் 'தற்காலிக முன்பணம்' என்று மாற்றி, அங்கிருந்தே செலவு செய்யுங்கள். வவுச்சர் எல்லாம் திட்டத்தின் பெயரிலேயே இருக்கட்டும். தவணை வந்ததும் முன்பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குப் பணத்தை, அதாவது வெளிநாட்டு நன்கொடைக்கான தனிக் கணக்கில் உள்ளதை, இதற்குத் தொடவே வேண்டாம். அதில் வேறு பணம் கலப்பதே சட்டப்படி தவறு.

ஒப்பந்தத்தில் மூன்று வரி கேளுங்கள்: கையெழுத்தான 30 நாளுக்குள் முதல் தவணை, அதில் முக்கால் பங்கு செலவானதும் அடுத்தது, வேலை தொடங்கிய தேதியிலிருந்து செய்த செலவு ஏற்கப்படும். கடைசி வரி இல்லாவிட்டால் ஒப்பளிப்பு ஆணைத் (நிதியை அனுமதிக்கும் அரசாணை) தேதிக்கு முந்தைய செலவைத் தணிக்கையில் அடித்துவிடுவார்கள். மூன்றும் கிடைக்காது, குறைந்தது இரண்டு கிடைத்தால் நல்லது.

அரசு அலுவலர்களைத் திட்டுகிறேன் என்று கமெண்டில் வரிந்து கட்டிக்கொண்டு வராதீர்கள். கருவூலத்தில் பில் நின்றால் துறைக்காரர் என்ன செய்வார்? அவரும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

மத்திய அரசுப் பணம் என்றால் 2017 பொது நிதி விதிகள் பொருந்தும். பயன்பாட்டுச் சான்று 12-ஏ படிவத்தில். மானியத்துக்குக் கிடைத்த வங்கி வட்டி உங்களுடையது அல்ல, கணக்கு முடித்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தில் வாங்கிய கணினி, பீரோவை அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. ஆடிட்டர் தரும் சான்றில், அது உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் யூ.டி.ஐ.என். எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமலும், மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கைக்கும் வருவீர்கள்.

தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளமான தர்ப்பணில் பதிவையும், அரசு நிதியை அனுப்பிக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பதிவையும் இப்போதே முடியுங்கள். பதிவுப் பத்திரத்தில் 'சாரிட்டபிள் டிரஸ்ட்', பான் அட்டையில் வெறும் 'டிரஸ்ட்' என்றிருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். பட்ஜெட் இணைப்பில் ஊழியர் பி.எஃப்.புக்கு நிறுவனம் கட்டும் 12 சதவீதப் பங்கைத் தனித் தலைப்பாகப் போடுங்கள். 'சம்பளம்' என்ற ஒரே தலைப்பில் அடக்கினால் அது உங்கள் தலையில்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கையெழுத்து விழாவுக்கு பேனர், பொன்னாடை, டீ, பிஸ்கட் யார் செலவு? எந்தத் தலைப்பிலும் வராது. ஆனால் பேனரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று மட்டும் முதல் நாளே போன் வந்துவிடும்.

தகராறு வந்தால் "துறை இயக்குநரே நடுவர்" என்றிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஒரு தரப்பு மட்டும் நடுவரை நியமிக்கும் ஏற்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றிய பிரிவையும் அலட்சியம் செய்யாதீர்கள். 1996-ல் மும்பையில் தொடங்கி, தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்த 1098 குழந்தைகள் உதவி எண்ணை 2023-ல் அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். உங்கள் திட்டத்துக்கும் அப்படி நேரலாம். எத்தனை மாத நோட்டீஸ், நிலுவைத் தவணை எத்தனை நாளில், ஊழியர் பணிக்கொடை யார் பொறுப்பு, பயனாளிகளின் கோப்புகளை யாரிடம் பட்டியல் போட்டு ஒப்படைப்பது, இவை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கோப்பை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு பக்கத்திலும் பெறுபவரின் கையெழுத்தும் பதவி முத்திரையும் வாங்குங்கள்; பெயர் மட்டும் போதாது, ஆள் மாறிவிடுவார்.