8 வயதுப் பையனுக்கு முன்பல் நடுவே இடைவெளி: இப்பவே கம்பி போடணுமா?

கேள்வி: என் பையனுக்கு 8 வயது. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி, பற்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கின்றன. இப்பவே கம்பி போட்டுவிடலாமா, காத்திருக்கலாமா? வலி, செலவெல்லாம் எப்படி?

நான் பல் டாக்டர் இல்லை. திருச்சியில் பெரியவளுக்கு 12 வயதில் கம்பி போட்டு எடுத்த அப்பா. சின்னவனுக்குப் போடாமல் விட்டதும் நான்தான். நீங்கள் எழுதியிருப்பது சின்னவனின் வாயைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது.

அவனுக்கு 8 வயதானபோது 2021. அக்காவின் கம்பியை எடுக்கப் போன நாளில் அவனையும் நாற்காலியில் ஏற்றி, "இவனுக்கும் சீக்கிரம் ஆரம்பிச்சிடலாமா டாக்டர்?" என்றேன். அவர் மேல் உதட்டைத் தூக்கி, ஈறையும் உதட்டையும் இணைக்கும் சதை இரண்டு பல்லுக்கும் நடுவே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இடைவெளியை அளந்தார், 2 மி.மீ.க்குள்தான். "சும்மா விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

காரணத்தையும் படம் போட்டுக் காட்டினார். முன்பற்கள் 7, 8 வயதில் முளைத்துவிடும். பக்கத்துக் கோரைப்பல் அப்போது எலும்புக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கும். வரும் வழியில் அது முன்பற்களின் வேரை நடுப்பக்கமாக நெருக்கும். வேர் நெருங்கினால் வெளியே தெரியும் பாகம் விரியத்தானே செய்யும்? 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் இடைவெளி தானே மூடிவிடும். இதற்கு 'அக்லி டக்ளிங்' (அசிங்கமான வாத்துக்குஞ்சு) பருவம் என்று பெயராம். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று வீட்டுக்காரிக்குக் கோபம்.

அதற்காகக் காட்டாமலே இருந்துவிடாதீர்கள். 7 வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம். மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழுந்து கடிப்பது, விரல் சூப்பும் பழக்கம் விடாமல் இருப்பது, வாயால் மூச்சு விடுவது போன்றவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தால் குழந்தை வேகமாக வளரும் வயதிலேயே அதற்கான கருவி போடவேண்டியிருக்கும். பல் நெரிசல் மட்டும் என்றால் பால் பற்கள் விழுந்து முடியும் 11–13 வயதில்தான் வழக்கமாகக் கம்பி.

முன்பல்லைப் பார்த்துப் பதறும் நாம் கோட்டை விடுவது கடைவாயில்தான். என் மகளுக்கு நடந்தது அதுதான். ஆறரை வயதில் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை, ராத்திரியெல்லாம் அழுகை. ஒரு க்ளினிக்கில், "பால் பல்தானே, எப்படியும் விழப்போறது" என்று பிடுங்கினார்கள். சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறியச் சொன்னார் என் அம்மா, எறிந்துவிட்டு மறந்துவிட்டோம். அந்தப் பல் விழவேண்டிய வயது 10, 11. அதுவரை அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இடம் காலியானதும், 6 வயதில் பின்னால் முளைத்த பெரிய கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து வந்துவிட்டது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட்டில் துண்டை எடுத்தால் என்ன ஆகும், அதேதான். ஒரு சின்ன வளையக் கம்பி (ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்பார்கள்) போட்டிருந்தால் அந்த இடம் நின்றிருக்கும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

12 வயதில் எக்ஸ்ரே எடுத்து, அச்சு எடுத்துப் பார்த்தபோது இரண்டு தாடையிலும் நெரிசல். எல்லாப் பழியையும் அந்த ஒரு பல்மேல் போட முடியாது, எங்கள் குடும்பத்தில் தாடையே சின்னது. ஆனால் கீழே இடப்பக்கம் சிக்கலானது அதனால்தான். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்களை எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் பூகம்பம். "நல்ல பல்லைப் போய் பிடுங்குவாங்களா? மேல் பல்லைத் தொட்டா கண்ணு போயிடும்டா!" என்றார் அம்மா. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அம்மா கடைசிவரை நம்பவில்லை, பேத்திக்கு வாரம் ஒருமுறை கேலண்டரைப் படிக்கச் சொல்லிப் பரீட்சை வைத்தார்.

வலி கேட்டிருந்தீர்கள். கம்பி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே கடைவாய்ப் பல் இடுக்கில் நீல ரப்பர் வளையம் வைத்தார்கள். "கறி மாட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குதுப்பா" என்று இரண்டு நாள் புலம்பல். கம்பி போட்ட பிறகு மூன்று, நான்கு நாள் கடிக்க முடியாத வலி. ரசம் சாதம், இடியாப்பமும் பாலும், தயிர் சாதம் என்று ஓட்டினோம். அப்புறம் மாதாமாதம் முறுக்கும்போது ஒரு நாள் வலி, அவ்வளவுதான். முறுக்கு, சீடை, கமர்கட்டு, கரும்பு எல்லாம் தடை. பொங்கலுக்குக் கரும்பைத் துண்டு போட்டு மிக்சியில் அடித்துக் கொடுத்தாள் அவள் அம்மா.

ஏன் இவ்வளவு மாதம் என்று எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. பல்லைக் கம்பி தள்ளும் பக்கம் எலும்பு கரைய வேண்டும், பின்பக்கம் புது எலும்பு வளர வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகர்ந்தாலே பெரிது. பிடுங்கிய இடம் ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. அவசரப்பட்டு அழுத்தம் கூட்டினால் வேர் தேய்ந்துவிடும்.

எங்களுக்கு 27 மாதம் ஆனது, நடுவில் கொரோனா. 2020 மார்ச் ஊரடங்கில் க்ளினிக் பூட்டு. இரண்டாவது வாரமே பின்பக்கக் கம்பி நுனி நீண்டு கன்னத்தைக் குத்த ஆரம்பித்தது. குத்தாமல் இருக்கக் கம்பிமேல் ஒட்டிக்கொள்ளக் கொடுத்திருந்த மெழுகும் தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் வீடியோவில் டாக்டர் பார்த்து, ரப்பர் வைத்த பென்சிலைக் கழுவி, ரப்பர் முனையால் கம்பியை மெதுவாக உள்பக்கம் மடக்கச் சொன்னார். கை நடுங்க நான் மடக்கினேன். மகள் அதைவிட நிதானமாக வாயைத் திறந்து வைத்திருந்தாள். அந்த மாதங்களில் ராத்திரி பல் தேய்ப்பதைக் கோட்டை விட்டோம். கம்பி ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி இரண்டு பல்லில் வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. எனவே பல் தேய்க்கவே அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அவசரப்பட்டுக் கம்பி போடாதீர்கள் என்பேன். 8 வயதில் ஆரம்பித்தால், பற்கள் முளைத்து முடிந்தபின் 12 வயதில் இன்னொரு சுற்றும் தேவைப்படலாம். பிள்ளைக்கும் அலுத்துவிடும்.

செலவு: 2019இல் சாதா உலோகக் கம்பிக்கு 40,000 ரூபாய், முதலில் 15,000, மீதியை மாதத் தவணையாகக் கட்டினேன். எக்ஸ்ரேயும் பல் எடுத்ததும் தனி. பல்லின் நிறத்திலேயே வரும் செராமிக் இன்னும் விலை. சென்னை, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் மிகக் குறைவாக முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். எங்கே போனாலும் பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் படிப்புக்குப் பிறகு பல் சீரமைப்பிலேயே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி எடுத்தபின் ரிட்டெய்னர் என்று கழற்றி மாட்டும் ஒன்று தருவார்கள். அதைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பும். என் மகள் ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி இலை ஓரம் வைத்தாள். சாப்பிட்டு, பாயசம் குடித்து, இலையை மடித்து எழுந்துவிட்டாள். எச்சில் இலைக் குவியலில் நானும் மச்சானும் அரை மணி நேரம் கிளறியும் கிடைக்கவில்லை. புதிது செய்ய இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன், அதற்குள் கீழ் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பிவிட்டது.

சின்னவனுக்கு இப்போது 12. கோரைப்பல் இரண்டும் இறங்கிவிட்டன, நடு இடைவெளியில் நூல்கூட நுழையாது. உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போகும்போது முன்பல்லைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் எல்லாம் இருக்கின்றனவா, சொத்தை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.