"நெகட்டிவ் அயனி" என்று விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: ஏ.சி. ஆபீசில் வேலை. நாற்காலியை விட்டு எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. காரிலிருந்து இறங்கும்போதும் அப்படித்தான். ஆன்லைனில் வயர் இல்லாத "ஆன்டி-ஸ்டாடிக்" கைப்பட்டை கிடைக்கிறது. மாட்டிக்கொண்டாலே போதும் என்கிறார்கள். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் கீழே வரும் கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சாதாரணமாக எந்தப் பொருளிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு மின்னூட்டங்களும் சம அளவில்தான் இருக்கின்றன. அதனால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டி, உரசி, பிரியும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவிவிடும். எலக்ட்ரான் நெகட்டிவ் என்பதால் வாங்கிக்கொண்ட பொருள் நெகட்டிவ், இழந்தது பாசிட்டிவ். உங்கள் பாலியஸ்டர் சட்டையும் நாற்காலித் துணியும் உரசி உரசி, நீங்கள் எழுந்ததும் பிரிகின்றன. ரப்பர் சோல் போட்ட ஷூ மின்னூட்டத்தைத் தரைக்கு இறங்க விடுவதில்லை. உலோகக் கைப்பிடியை நெருங்கியதும் விரல் நுனியில் பொறியாகப் பாய்கிறது. நமக்கு உறைப்பதற்கே சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். ஆனாலும் பயப்பட வேண்டாம், பாயும் ஆற்றல் சில மில்லிஜூல்தான். ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் ஆபீசில் இது அதிகம். ஈரக்காற்று இருந்தால் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து மின்னூட்டம் தானாகக் கசிந்துவிடும்.

இப்போது கைப்பட்டைக்கு வருவோம். மின்னூட்டம் போக ஒரு வழி வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் கட்டிக்கொள்ளும் அசல் பட்டையில் ஒரு வயர் எர்த் வரை போகும். பணியாளரின் பாதுகாப்புக்காக நடுவில் 1 மெகா ஓம் மின்தடையும் இருக்கும். வயர் இல்லாத பட்டையில் மின்னூட்டம் எங்கே போகும்? உங்கள் உடம்பிலேயேதான் இருக்கும்.

செலவில்லாத வழி இருக்கிறது. சாவியை இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் கைப்பிடியை முதலில் தொடுங்கள். பொறி சாவி நுனியில் விழும், கைக்கு உறைக்காது. காரில் சீட்டிலிருந்து எழும் முன்பே கதவின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பருத்தி உடையும் உதவும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றைத் தொடும்போதெல்லாம் விடாமல் "விர்"ரென்று அடித்தால் அது இந்த வகையே இல்லை. எர்த்திங் கோளாறாகவோ மின்கசிவாகவோ இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் மேலே கேட்ட கைப்பட்டைக்கான காசை அதில் போடுங்கள்.

கேள்வி: பையனுக்கு வீசிங் இருக்கிறது. ஏர் பியூரிஃபையர் வாங்கப் போனால், ஃபில்டரே தேவையில்லாத "அயனைசர்" மாடலைக் காட்டுகிறார்கள். விலையும் குறைவு. நல்லதா? (சென்னை வாசகி)

பதில்: உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் அம்மா. அயனி என்றால் மின்னூட்டம் ஏறிய அணு அல்லது மூலக்கூறு. அயனைசர் வேலை செய்வது உண்மைதான். கூரான ஊசி முனையில் உயர் வோல்டேஜ் கொடுத்துக் காற்றில் எலக்ட்ரான்களை விடுகிறது. தூசி நெகட்டிவ் ஆகிறது. அந்தத் தூசி சுவரை நெருங்கும்போது சுவரிலுள்ள மின்னூட்டங்கள் லேசாக இடம் மாறி, தூசியைப் பார்த்த பக்கம் பாசிட்டிவ் ஆகிவிடும். தலை சீவிய சீப்பில் காகிதத் துண்டுகள் ஒட்டுகின்றனவே, அதே கதைதான். ஆக, தூசி வீட்டை விட்டுப் போகவில்லை. சுவரிலும் மெத்தையிலும் படிந்து, துடைக்கும்போதும் உதறும்போதும் மறுபடி கிளம்பும். இதைவிடப் பெரிய கவலை ஓசோன். அந்த ஊசி முனை ஓசோனையும் உண்டாக்கக்கூடும். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். இதற்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், 0.050 பி.பி.எம்.முக்கு (பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் ஓசோன் விடும் ஏர் கிளீனர்களை விற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

ஹெபா ஃபில்டர் (நுண்தூசியையும் பிடித்து வைக்கும் அடர்த்தியான வடிகட்டி) உள்ளதாக வாங்குங்கள். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதுதான் அது. 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமென்றால் சி.ஏ.டி.ஆர். 170-ஆவது இருக்க வேண்டும். ஹெபா மாடலிலும் சில சமயம் அயனைசர் சேர்ந்தே வரும். அதைத் தனியாக அணைக்க முடிகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஃபில்டர் மாற்ற ஆகும் செலவையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு "நெகட்டிவ் அயனி" பதக்கம் ஒன்றை விற்றுவிட்டார்கள். ஆயுளுக்கும் அயனி வருமாம். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். (மதுரை வாசகர்)

பதில்: உடனே கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியும் இல்லாமல் உரசலும் இல்லாமல் ஒரு கல் ஆண்டுக்கணக்கில் அயனியை உண்டாக்க வேண்டுமென்றால் ஒரே வழி கதிரியக்கம்தான். இப்படி விற்கப்பட்ட சில பதக்கங்களில் தோரியம், யுரேனியம் கலந்த கனிமப்பொடி இருந்தது தெரிய வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணு பாதுகாப்பு அமைப்பு, பதக்கம், கைவளை, கண்பட்டை உட்படப் பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லி, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அம்மாவிடம் இருப்பதில் ஒன்றுமே இல்லை என்றால் அது வெறும் ஏமாற்று. இருந்தால் ஆபத்து. இரண்டிலும் கழுத்தில் இருக்க வேண்டியதில்லை. பில்லையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேள்வி: என்-95 மாஸ்க்கை சோப்புப் போட்டுத் துவைத்துக் கட்டலாமா? (திருச்சி வாசகி)

பதில்: கூடாது. அதன் நடு அடுக்கிலுள்ள பாலிப்ரொப்பிலீன் இழைகளில் நிலைத்து நிற்கும் மின்னூட்டத்தை ஏற்றியிருக்கிறார்கள். இழைகளின் இடைவெளியில் நுழைந்து போகக்கூடிய நுண்துகளையும் அந்த ஈர்ப்புதான் பிடித்து வைக்கிறது. சோப்பும் சானிடைசரும் பட்டால் மின்னூட்டம் போய்விடும். பார்க்கப் புதிது போல இருக்கும், வடிகட்டும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கும். காகித உறையில் காற்றாட வைத்துச் சில முறை பயன்படுத்துங்கள். பட்டை தளர்ந்தாலோ ஈரமாகவோ அழுக்காகவோ ஆனாலோ தூக்கி எறிந்துவிடுங்கள்.