நாப்பது பேர் போதாதா?

வணக்கம் அண்ணே,

ஸ்டேடியம் கச்சேரிக்குப் போய் பாடறவரை விட்டுட்டு ஸ்க்ரீனைப் பாத்துட்டு வந்தேன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. சரி, மத்த பக்கம் மட்டும் என்ன வாழுது? பெரிய கம்பெனி தயவில்லாம வாசிக்கிற இண்டி, அண்டர்கிரவுண்டு பேண்டுங்களோட பழைய வீடியோ தேடிப் பாத்தா சவுண்டு கேவலமா இருக்கு, கூட்டமும் இல்ல, வாசிக்கிறவங்களுக்கு சுருதியும் சேரல. இதைப்போய் மறக்கமுடியாத கச்சேரிங்கறாங்க. பில்டப்தானே இது? இன்னொண்ணு, நாங்க நாலு பேர் திருச்சியில சொந்தப் பாட்டு பண்றோம். சின்னதா ஒரு ஹால் எடுத்து வாசிக்கலாம்னா, நாப்பது பேர்கூட வரமாட்டான், அசிங்கமாயிடும்னு எங்க ட்ரம்மரே சொல்றான். என்ன பண்ண?

எஸ்., திருச்சி

தம்பி,

பில்டப் இருக்கு, இல்லேங்கல. 1976 ஜூன் 4, மான்செஸ்டர்ல லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால்ங்கற சின்ன ஹால்ல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற லண்டன் பங்க் பேண்டு வாசிச்சாங்க, அப்ப அவங்களை எந்த ரெக்கார்ட் கம்பெனியும் எடுக்கல. வந்தது உங்க ட்ரம்மர் பயப்படற அதே நாப்பது பேர் சொச்சம்தான், ஆனா நானும் அங்க இருந்தேன்னு பின்னாடி சொன்னவங்களைக் கூட்டினா அந்தத் தெருவே பத்தாது. அதை விடுங்க. ஹாலைப் பிடிச்சது யாருன்னா ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லின்னு பக்கத்து போல்ட்டன்ல படிச்சிட்டிருந்த ரெண்டு பசங்க. அவங்க பஸ்காக்ஸ் பேண்டும் அன்னைக்கே வாசிக்கிறதா ப்ளான், ரெடியாகாததால ஜூலை 20 பிஸ்டல்ஸ் திரும்ப வந்தப்பதான் மேடையேற முடிஞ்சுது. கூட்டத்துல இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே அம்மாகிட்ட 35 பவுண்டு கடன் வாங்கி பேஸ் கிடார் வாங்கிட்டாரு, அவரும் கூட இருந்த பெர்னார்ட் சம்னரும் ஆரம்பிச்ச பேண்டுதான் அப்புறம் ஜாய் டிவிஷன்னு பேர் வாங்கிச்சு. பஸ்காக்ஸ் 500 பவுண்டு கைமாத்து புரட்டி 1977 ஜனவரியில சொந்த லேபிள்லயே ரெக்கார்டு போட்டாங்க. சபாவுல ஒரு வித்வானைக் கேட்டா நாம கன்னத்துல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருவோம், இங்க என்னடான்னா கேட்டவன் நேரா கிடார் கடைக்குப் போறான். இவங்களே மேடையில நிக்கலாம்னா நாம ஏன் நிக்கக்கூடாதுன்னு தோணவைக்கணும்னா வாசிப்பு கொஞ்சம் சுமாரா இருந்தாத்தான் முடியும்னு எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா உண்டு.

நான் திரும்பத் திரும்பப் பாக்கறது வேற ஒண்ணு. 1978 ஜூன் 13, கலிஃபோர்னியாவுல நாப்பா அரசு மனநல மருத்துவமனை. நியூயார்க்ல இருந்து தி க்ராம்ப்ஸ்னு ஒரு பேண்டு, ரெண்டு கிடார், ஒரு ட்ரம்ஸ், பாட ஒருத்தர், அவ்வளவுதான், பேஸே கிடையாது. அங்க இருந்த நோயாளிங்களுக்காக வாசிச்சாங்க. டார்கெட் வீடியோங்கற கம்பெனிக்காரங்க எடுத்த கறுப்பு வெள்ளை டேப் இருபது நிமிஷம் சொச்சம்தான், நீங்க சொன்ன மாதிரியே சவுண்டு கேவலம். பாடற லக்ஸ் இன்டீரியர் மைக்கைப் புடிச்சதும், உங்களுக்காக மூவாயிரம் மைல் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம்ங்கறாரு, கூட்டத்துல இருந்து பதிலுக்கு ஒரு கெட்டவார்த்தை பறந்து வருது. அவரு அசரல. உங்களைப் பைத்தியம்னு சொன்னாங்க, எனக்கென்னவோ அப்படித் தெரியல, நல்லாத்தானே இருக்கீங்கன்னு சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடறாரு. கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு மைக்குல வாய வச்சுக் கத்துது, யாரும் வந்து இழுத்துட்டுப் போகல, லக்ஸ் அவங்களோட சேர்ந்து தரையில உருள்றாரு, பாய்ஸன் ஐவி எதுவுமே நடக்காத மாதிரி கிடாரை வாசிச்சிட்டே இருக்காங்க. யாரு பேண்டு, யாரு நோயாளின்னு தெரியாம நீங்க முழிக்கிற இடம் ஒண்ணு வரும்.

நெருடல் இல்லாம இல்ல. கேமரா முன்னாடி வரச் சம்மதமான்னு அந்த மனுஷங்ககிட்ட யாராவது கேட்டிருப்பாங்களான்னு ஒவ்வொரு தடவையும் தோணும், கேட்டாலும் அங்க அடைஞ்சு கிடக்கறவங்க சொல்ற சரிக்கு என்ன அர்த்தம்? ஆனா அவங்களை வேடிக்கைப் பொருளா ஆக்காத ஒரே ஆளுங்க அந்த வீடியோவுல பேண்டுதான், வேடிக்கை பாக்கறது நானும் நீங்களும்.

கணக்கு வழக்குன்னு பாத்தா வாஷிங்டன்ல இருந்த ஃபுகாஸிங்கற பேண்டுதான் குரு. அவங்க வாசிச்ச காலத்துல டிக்கெட் கூடுமானவரை 5 டாலர், எந்த வயசுக்காரனும் வரலாம், டி-ஷர்ட் வியாபாரம் கிடையாது. கூட்டத்துல எவனாவது அடுத்தவனை இடிச்சு உதைச்சா பாட்டை நிறுத்திட்டு 5 டாலரைக் கையில குடுத்து வெளிய போகச் சொல்லிடுவாங்க. 1987-ல ஆரம்பிச்சு ஆயிரம் கச்சேரிக்கு மேல, அதுல 800-க்கு மேல சவுண்டு என்ஜினியருங்க டேப் பண்ணி வச்சிருந்தாங்க, 2011-ல இருந்து அதை ஒவ்வொண்ணா நெட்ல போட்டாங்க. சொதப்பினது, சண்டை போட்டது எல்லாம் அதுலயே இருக்கு.

நம்ம ஊர்ல இல்லையான்னு அடுத்து கேப்பீங்க. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பேண்டோட முதல் கச்சேரி, நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து போட்டது, மேடையில 19 பேர். சாவு வீட்டுப் பாட்டுன்னு ஒதுக்கி வச்ச கானாவை ராப், ராக்கோட நிறுத்தி, மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் மைக் வச்சுப் பாடினாங்க. அதுக்குக் கூட்டம் ஆயிரக்கணக்குல, அது வேற கதை.

உங்க ட்ரம்மர்கிட்ட சொல்லுங்க, முந்நூறு சேர் போட்ட மண்டபத்துல நாப்பது பேர்னா அசிங்கம்தான், அதனால நாப்பது பேர் நின்னாலே மூச்சு முட்டற ரூமாப் பாருங்க, ட்யூஷன் சென்டர் மொட்டை மாடின்னாலும் சரி. மேடை வேண்டாம், தரையிலயே நில்லுங்க. டிக்கெட் 50 ரூபாயாவது வைங்க, ஓசின்னா பாதியில எந்திரிச்சுப் போவான். வர்ற காசுல முதல்ல சவுண்டு செட்காரருக்கு செட்டில் பண்ணிடுங்க, அடுத்த தடவையும் அவர் வரணும். தேதி முடிவானதும் ஒரு மெயில் தட்டுங்க, ரயில் டிக்கெட் கிடைச்சா வரேன்.