ஊறுகாய் பாட்டிலில் லேபிள் ஒட்டுவதற்கு முன்

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் மாங்காய் ஊறுகாயும் இட்லிப் பொடியும் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். இப்போது மளிகைக் கடையிலும் கேட்கிறார்கள். லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: வாட்ஸ்அப்பில் விற்பதற்கே பதிவு வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீடு, கடை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 2011-இல் விதிகள் வந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவுச் சான்று போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். வரம்பைத் தாண்டினால்தான் லைசென்ஸ். விண்ணப்பிக்கும் அன்று எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நடப்பு வரம்பையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் அடையாளச் சான்றும் வேண்டும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்துவிடுங்கள். வீடு மாறினால் சான்றிலும் முகவரியை மாற்ற வேண்டும்.

பதிவு சுலபம். பலர் மாட்டிக்கொள்வது லேபிளில்தான். தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போடலாம். பொருளின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை சேர்மானங்கள், ஊட்டச்சத்து அட்டவணை, பச்சைச் சைவக் குறி, நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, விலை, உங்கள் முகவரி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் வேண்டும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இட்லிப் பொடியில் பெருங்காயத்தைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இருந்தால் உங்கள் லேபிளிலும் கோதுமை இருப்பதாக ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தச் சிட்டிகையும் ஆபத்து. எள், உளுந்து என்று மட்டும் எழுதி இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

எண்ணெய் ஊறுகாய்க்குத் தனித் தரம் உண்டு: எண்ணெயை வடித்த பிறகு காயின் எடை மொத்தத்தில் 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, மேலே குறைந்தது அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்க வேண்டும், அல்லது ஊறுகாயில் 10 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும். மேலே நிற்கும் எண்ணெயை நிரப்பியதும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். காய் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். வெளியே தலைநீட்டும் துண்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை ஊற்றிய பிறகு மூடியை இறுக்குங்கள்.