வீட்டில் கத்தியைத் தீட்ட எந்தக் கருவியை வாங்கலாம்?

இழுவைக் கருவி, கம்பி, கல் ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லை வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும் எட்டு அங்குலக் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மற்ற இரண்டையும் முதலில் வாங்கிப் பார்த்து, ஒரு நல்ல கத்தியையும் பறிகொடுத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அந்தக் கத்தியைக் கெடுத்தது இழுவைக் கருவிதான். இரண்டு கடின உலோகத் துண்டுகளைக் குறுக்காக வைத்திருப்பார்கள். நடுவில் கத்தியைச் செருகி நான்கு முறை இழுத்தால் போதும். இழுக்கும்போதே முடிபோல் சுருள் சுருளாக எஃகு உரிந்து விழும். அன்றைக்குத் தக்காளி அழகாக நறுக்கும், நமக்கும் பூரிப்பாக இருக்கும். ஆனால் அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. விளிம்பு பொடிப் பொடியாகப் பிய்ந்து நிற்பதால் பத்து நாளில் மறுபடி மழுங்கிவிடும், மறுபடி இழுப்போம். ஓராண்டு கழித்து, பிடியை ஒட்டிய பகுதி மட்டும் தேயாமல் நிற்க, அதற்கு முன்னால் அலகு உள்வாங்கிவிட்டது. அந்த இடம் பலகையைத் தொடவே இல்லை. பீன்ஸ் நறுக்கினால் துண்டுகள் தோரணம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

கம்பி கெட்ட பொருளன்று. அதன் வேலை வேறு. கறிக்கடையில் பாய் வெட்டுக்கு நடுவே கம்பியில் இரண்டு இழுப்பு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்ட வெட்ட மெல்லிய விளிம்பு ஒரு பக்கமாகச் சாயும். கம்பி அதை நிமிர்த்திவிடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கூராக இருக்கும் கத்திக்குத்தான் அது பயன்படும். மொண்ணைக் கத்தியைக் கம்பியில் எவ்வளவு தேய்த்தாலும் சத்தம்தான் வரும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்றால், அரிவாளையும் அரிவாள்மணையையும் தாராளமாகக் கொடுங்கள். மெல்லிய சமையல் கத்தியைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. தண்ணீரில்லாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பிறகு அங்கே கூர் நிற்காது.

இனி கல். கடையில் கார்பொரண்டம் கல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் 1891-இல் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது கிடைத்த சிலிக்கான் கார்பைடுதான் இது. கரியும் கொரண்டம் என்ற கடினமான கனிமமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணி அந்தப் பெயரை வைத்தார். கொரண்டம் என்ற சொல்லோ, தமிழ்க் குருந்தம் கப்பலேறிப் போனது. நம் சொல்லையே ஊர் சுற்றிவந்த உச்சரிப்பில் கேட்டு வாங்குகிறோம்!

கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண் கூடக் கூட கல் நைசாகும். 1000 எண்ணுள்ள கல் ஒன்று கூடுதலாக இருந்தால் காய்கறிக் கத்திக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். 6000, 8000 எல்லாம் பொழுதுபோக்குக்காரர்களுக்கு. கல்லை வாங்கும்வரை அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் தீட்டலாம். நன்றாகவே வேலை செய்யும்.

கல்லைத் தண்ணீரில் போட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிடுங்கள். ஈரத்துணியை விரித்து அதன்மேல் வைத்தால் நகராது. சமையல் எண்ணெய் எதையும் கல்லில் ஊற்றாதீர்கள். நான் ஆர்வக்கோளாறில் நல்லெண்ணெய் ஊற்றினேன். மறுவாரம் கல் பிசுபிசுவென்று பிசின்போல் ஆகி, கத்தி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. சுடுதண்ணீரும் பாத்திரச் சோப்பும் போட்டு அரைநாள் தேய்த்தேன்.

எல்லோரும் பயப்படுவது கோணத்துக்குத்தான். தேங்காய்க் கீற்று, பூசணி என்று எல்லாவற்றையும் வெட்டும் நம் வீட்டுக் கத்திக்கு 20 டிகிரி போதும். அலகின் அகலம் 4 செ.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1.4 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கை பழகும்வரை ஒரு தந்திரம் உண்டு: விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பில் அப்படியே நின்று மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை அதிகமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். விளிம்பின் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அதிகமாக நிமிர்த்திவிட்டீர்கள். மை முழுவதும் ஒரே சீராக அழிந்தால் அந்தக் கோணத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சொரசொரப்புப் பக்கத்தில் தொடங்கி, கத்தியின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருங்கள். எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பில் பிசிறு எழுந்துவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக வருடி வெளியே எடுத்தால், நகத்தின் ஓரம் சிலும்பி நிற்பதுபோல் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். பிசிறு அடி முதல் நுனி வரை தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பாதியில் திருப்பிவிடுவதால்தான் ‘அரைமணி நேரம் தேய்த்தும் வெட்டவில்லை’ என்ற புலம்பல் வருகிறது. நானும் ஆறுமாதம் அப்படித்தான் புலம்பினேன்.

மறுபக்கத்தையும் இதேபோல் தேய்த்துவிட்டு, நைசுப் பக்கத்துக்கு மாறுங்கள். அங்கே அழுத்தம் வேண்டாம், கத்தியின் கனமே போதும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிரும். மிச்சத்தைப் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி நான்கைந்து முறை தடவி எடுத்துவிடலாம். தீட்டின மரத்தில் கூர் பார்க்காமல், பழுத்த தக்காளியில் பாருங்கள். அழுத்தாமலே தோலுக்குள் இறங்கினால் சரி.

நாளடைவில் கல்லின் நடுவில் குழி விழும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்து, கல்லை அதில் தேய்த்துச் சமமாக்குங்கள். ரொட்டிக் கத்திபோல் கருக்கு வைத்த கத்தியை இந்தக் கல்லில் வைக்கவே வேண்டாம். கூரான கத்தியைக் கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கினால் பட்ட பாடெல்லாம் ஒரே நாளில் வீண்.

இன்னொன்று, தீட்டியதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். முதல்முறை கத்திக்கு உண்மையாகவே கூர் வந்த நாளில் நான் சொல்ல மறந்துவிட்டேன். மொண்ணைக் கத்திக்குப் பழகிய என் அத்தை, வழக்கம்போல் பலம் கொடுத்து வெங்காயத்தை அழுத்த, கத்தி வெங்காயத்தோடு நிற்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே ‘நல்லாத்தான் தீட்டியிருக்கிறாய்’ என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.