கிரிஃபித் ஊரும் அதன் நெல்லும்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சிட்னிக்கு மேற்கே ஏறக்குறைய 570 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விவசாய ஊர் கிரிஃபித். அங்கே வயல் வேலையில் இருக்கிறேன் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இவை.

கே: வறண்ட பூமி என்கிறார்களே, நெல் எப்படி விளைகிறது?

வருடத்துக்கு 400 மில்லிமீட்டர் மழைதான். அதை நம்பி நெல் போட முடியாது. எல்லாம் முர்ரம்பிட்ஜி ஆற்றுத் தண்ணீர். அந்த ஆற்றில் பர்ரின்ஜக் அணை வேலையை 1907-ல் தொடங்கினார்கள். 1912-ல் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. 1916-ல் ஊர் உருவானது. நெல் வந்தது 1924-ல். களிமண் நிலத்தில் மட்டும்தான் நெல். தண்ணீர் கீழே இறங்கிவிடும் மண்ணில் போட விடமாட்டார்கள்.

கே: அண்ணா, நாற்று நட ஆள் கிடைக்குமா?

நடவே கிடையாது தம்பி. அக்டோபர் வாக்கில் முளைகட்டிய விதையை விமானத்திலிருந்து தண்ணீர் கட்டிய வயலில் தூவுவார்கள், அல்லது காய்ந்த மண்ணில் இயந்திரத்தால் விதைப்பார்கள். உண்மையான கவலை ஜனவரியில் வரும். தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்ப்போம். உள்ளே இரண்டு மில்லிமீட்டருக்கு வெள்ளையாக, பஞ்சு நுனி மாதிரி இளங்கதிர் தெரிந்தால் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவோம். அடுத்த சில வாரங்களில் ஒரு குளிர்ந்த ராத்திரி வந்தால் மகரந்தம் கெட்டு, கதிர் முழுக்கப் பதராகிவிடும். அதனால் தண்ணீரை 25 சென்டிமீட்டர் வரை ஏற்றிவிடுவோம். பகல் வெயிலில் சூடான தண்ணீர் ராத்திரி முழுக்கப் பயிருக்குப் போர்வை. அந்த நாட்களில் வரப்பில் அளவுகோலோடு நிற்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

கே: விளைச்சல்?

நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 4 டன்.

கே: அங்கே தண்ணீரை விலைக்கு விற்கிறார்களாமே, நிஜமா?

நிஜம். நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. ஜூலை 1-ல் நீர் ஆண்டு தொடங்கும். அணை இருப்பைப் பார்த்து, உரிமையில் இத்தனை சதவீதம் தண்ணீர்தான் கிடைக்கும் என்று அறிவிப்பார்கள். ஆரஞ்சு, திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலும் முன்னுரிமை பெற்ற தண்ணீர். நெல்லுக்குப் பெரும்பாலும் மிச்சத்தில்தான் பங்கு. வறட்சியில் முதலில் அடி வாங்குவது நெல்தான். 2001-ல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அறுத்த நாடு, 2008-ல் இருபதாயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. அப்படிப்பட்ட வருடத்தில் நெல் போடாமல் தண்ணீரை விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். கடனைக் கட்ட வேண்டுமே. ஆனால் அவர் விதைக்காவிட்டால் அறுவடை இயந்திரக்காரருக்கும், லாரிக்காரருக்கும், அரிசி ஆலையில் இருப்பவருக்கும் வேலை இல்லை. தண்ணீர் விற்ற காசு அவர்கள் வீட்டுக்கு வராது. ஆற்றுக்கும் தண்ணீர் விட வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 2010-ல், ஆற்றுக்காகப் பாசனத் தண்ணீரைக் குறைக்கும் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகைத் திட்டம் பற்றிய கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் இங்கே திரண்டது இந்தப் பயத்தில்தான்.

கே: ஊர் எப்படி? நம் மக்கள் உண்டா?

இத்தாலியர்கள் வேரூன்றிய ஊர். ஒயினுக்குப் பேர் போனது. சீக்கியர்கள் நிறைய, குருத்வாராவும் இருக்கிறது. வசந்தத்தில் பன்னா அவென்யூ நடுவே ஆரஞ்சுப் பழங்களாலேயே பெரிய பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள், பார்க்க வேண்டும். ஊரின் அமைப்பை வரைந்தவர், தலைநகர் கான்பெராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின். அவர் 1937-ல் லக்னோவில் காலமானார் என்பது பலருக்குத் தெரியாது.

கே: பழம் பறிக்கும் வேலைக்கு வரலாமா சார்?

விசா அனுமதித்தால் வாருங்கள். திராட்சை அறுவடை பிப்ரவரியில் சூடு பிடிக்கும்; வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தால், கூலி எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வண்டி ஏறும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.